கதவு எண்ணும் சர்வே எண்ணும்: நகராட்சி நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்



சொத்துவரியைப் பற்றித் தங்களுக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலானவை வரி அதிகம் என்று முறையிடுவனவாகவே இருக்குமாதலால், இதுவும் அவ்வகையைச் சேர்ந்ததுதான் என்று எண்ணித் தாங்கள் ஒதுக்கிவிடக் கூடும் என்ற அச்சத்தினால், முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2022-ஆம் ஆண்டில், 600 சதுர அடிக்கு உட்பட்ட குடியிருப்புகளுக்கு நூற்றுக்கு 25 என்றும், 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு நூற்றுக்கு 100 என்றும் நகராட்சிகளில் வரி உயர்ந்தபோது, அதன் நியாய அநியாயங்களைப் பற்றிப் பத்திரிகைகளும் மேடைகளும் வேண்டிய மட்டும் பேசிவிட்டன. அந்த விவகாரத்தில் எனக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அதைச் சொல்ல இந்த மடல் எழுதப்படவில்லை. வரியைக் கட்டிவிட்டு நாங்கள் கையில் வாங்கி வருகிற ரசீதையும், அந்த ரசீதுக்கு மூலமாகிய பதிவேட்டையும் பற்றியே எழுதப் புகுந்தேன்.

எங்கள் வீட்டு ரசீது இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. வரிவிதிப்பு எண், வார்டு, தெரு, பழைய கதவு எண், புதிய கதவு எண், அரையாண்டு, சொத்துவரி, அதனோடு சேர்ந்து வரும் நூலக வரி யாவும் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. (சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டத்தை 1948-இல் முதலாவதாக இயற்றிய மாகாணம் நம்முடையது என்பதால், அந்த நூலக வரியை மட்டும் முணுமுணுக்காமல் கட்டிவிடுவது என் வழக்கம்.) உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பாட்டனார் பெயரும், அதை அடுத்து ‘வகையறா’ என்பதும் காணப்படுகின்றன. பாட்டனார் காலமாகி ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. வீடு பாகப்பிரிவினையாகி, ஒரு பாகம் விடுதலைப் பத்திரத்தின் மூலம் கைமாறி, எல்லாம் முறையாகப் பதிவும் ஆகிவிட்டன. எனினும் எங்கள் ஊர் நகராட்சியின் கணக்கில் அவர் இன்றளவும் அரையாண்டு தவறாமல் வரி செலுத்திக்கொண்டிருக்கிறார்.

ரசீதுக்குப் பக்கத்தில் பத்திரத்தை வைத்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். பத்திரத்தின் சொத்து விவரத்தில் சர்வே எண் உண்டு, உட்பிரிவு உண்டு, இன்னாருடைய மனைக்கு மேற்கு, இன்ன சந்துக்கு வடக்கு என்று செக்குபந்தி உண்டு, கிழமேலடியும் தென்வடலடியும் உண்டு. கதவு எண் மட்டும் நகராட்சி இரண்டு முறை மாற்றுவதற்கு முன்பிருந்த பழம் எண்ணாக இருக்கிறது. வருவாய்த் துறையின் நகர நில அளவைப் பதிவேட்டை எடுத்தாலோ, அங்கே வார்டு, பிளாக், டவுன் சர்வே எண் என்று வேறொரு கணக்கு; அந்த வார்டும் நாங்கள் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் வார்டும் ஒன்றல்ல. ஒரே வீட்டைப் பற்றிய மூன்று பதிவேடுகள், ஒரே கூரையின் கீழ் வாழ்ந்துகொண்டு ஒருவரோடொருவர் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகளைப் போல இருந்து வருகின்றன.

இம்மூன்றில் எது வீட்டின் உரிமையைச் சொல்லுகிறது என்று சாமானிய ஜனங்களைக் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லுவார்கள். உண்மை யாதெனில், அறுதியிட்டுச் சொல்லுவது மூன்றில் ஒன்றுமில்லை. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தையே யன்றி உரிமையை அன்று. விற்பவருக்குப் பாத்தியம் உண்டா என்று விசாரிப்பது பதிவு அதிகாரியின் வேலை அல்லவென்று கருதி, மூலப் பத்திரத்தைக் கேட்கும் நமது மாநிலப் பதிவு விதி 55-ஏ(1)-ஐ உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் செல்லாதென்று தீர்த்ததைத் தாங்கள் அறிவீர்கள். வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதனால் உரிமை உண்டாவதுமில்லை, அழிவதுமில்லை என்பது அதே நீதிமன்றம் பலமுறை சொல்லிவந்த விஷயம். நகராட்சிப் பதிவேடோ இன்னும் ஒருபடி கீழே நிற்பது: வரியை யாரிடம் கேட்பது என்பதற்காக மட்டுமே அது ஏற்பட்டது. பாத்தியத்தில் தகராறு நேர்ந்தால் முடிவு சொல்ல வல்லது சிவில் கோர்ட்டு ஒன்றுதான். அங்கேயும் வரி ரசீது சுவாதீனத்துக்கு ஒரு சிறு சாட்சியமாகக் கொள்ளப்படுமே தவிர, உரிமைக்கு ஆதாரமாகாது.

அப்படியிருக்க, வீட்டு வரி ரசீது தன் பெயரில் வந்தால் வீடே தன்னுடையது என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே இவ்வளவு ஆழமாக வேரூன்றியது எப்படி? அறியாமை என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. மின்னிணைப்பில் பெயர் மாற்றப் போனால் வரி ரசீது கேட்கிறார்கள். குடிநீர் இணைப்புக்குக் கேட்கிறார்கள். பாங்கியில் வீட்டின்மேல் கடன் கேட்டால் பத்திரத்தோடு அதையும் கேட்கிறார்கள். சர்க்காரின் ஒவ்வொரு ஜன்னலும் ஒரு காகிதத்தை உரிமைச் சான்றாக நடத்தி வரும்போது, அதை அவ்வாறு மதித்த குடியானவனைக் குறை கூறுவது எந்த நியாயத்தில் சேரும்?

இந்தக் குழப்பத்தின் பலன் குடும்பங்களின் தலையில் விடிகிறது. தகப்பனார் காலமானபின், ஊரிலேயே தங்கிவிட்ட மகன் வாரிசுச் சான்றிதழின் நகலொன்றை விண்ணப்பத்தோடு கொடுத்து, வரிவிதிப்பைத் தன் ஒருவன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறான். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தினால் அன்று, வரி கட்டுகிறவன் அவன்தான் என்பதனால். பம்பாயிலோ துபாயிலோ இருக்கும் தம்பிக்கும், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் சில வருஷங்களுக்குப் பின் அது தெரியவரும்போது, வீடே பறிபோயிற்று என்று அவர்கள் பதறுகிறார்கள். அண்ணனோ, நாளடைவில், வீடு தனக்கே வந்துவிட்டது என்று மெய்யாகவே நம்பத் தலைப்படுகிறான். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயர் மாற்றத்தினால் ஒருவருடைய பங்கும் கூடவுமில்லை, குறையவுமில்லை என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லுவதற்குள் வக்கீல் நோட்டீசு புறப்பட்டுவிடுகிறது. இதற்கு நேர்மாறான சங்கடமும் உண்டு: கிரயம் வாங்கியவர் பெயர் மாற்றாமலே விட்டுவிட, விற்றுவிட்டுப் போனவரைத் தேடி நிலுவை நோட்டீசு அலைகிறது.

1920-ஆம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம், கைமாற்றத்தைப் பற்றிக் கொடுத்தவரும் வாங்கியவரும் 3 மாதத்துக்குள் முனிசிபாலிட்டிக்கு அறிவிக்க வேண்டும் என்றும், மரணத்தினால் சொத்து இறங்கினால் வாரிசு 1 வருஷத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் விதித்திருந்தது. ஓர் ஆபீசுச் செய்தியை மற்றோர் ஆபீசுக்கு மனிதனே நடந்துபோய்ச் சொல்ல வேண்டியிருந்த அந்தக் காலத்தில் அது நியாயமான ஏற்பாடு. அந்தச் சட்டம் போய், 1998-ஆம் வருஷத்து நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்துவிட்டது. பத்திரமும் வரிக் கணக்கும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. உட்பிரிவு செய்ய வேண்டியிராத கிரயங்களில் பட்டா தானாகவே மாறும் ஏற்பாட்டைக்கூட வருவாய்த் துறை செய்துவிட்டது. நகராட்சிக் கணக்கையும் அதே விதமாக இணைப்பதற்கு எத்தனை முயற்சி நடந்தாலும், கதவு எண் இன்ன சர்வே எண்ணுக்குள் நிற்கிறது என்பது எழுத்தில் இல்லாத வரையில் அது அரைகுறையாகவே முடியும். எந்த வரிவிதிப்பு எண்ணில் பெயரை மாற்றுவது என்று எந்த யந்திரத்துக்குத் தெரியும்?

ஆகவே என் விண்ணப்பம் மிகச் சிறியது. ஒவ்வொரு வரிவிதிப்புக்கும் எதிரே அதன் டவுன் சர்வே எண்ணையும் எழுதி, ரசீதிலும் அதை அச்சிடச் செய்யுங்கள். ஓர் எண்ணுக்குள் நான்கு வீடுகள் இருக்கும் தெருவுண்டு; பிரிபடாத பாகமாக இருபது பேர் வாங்கிய அடுக்குமாடிக் கட்டடமும் உண்டு; அங்கெல்லாம் ஒரே எண் பல ரசீதுகளில் வந்துவிட்டுப் போகட்டும், அதனால் கெடுதல் இல்லை. வார்டு வாரியாக நில அளவைப் பதிவேட்டின் நகலைக் கையில் கொடுத்தால், தெருத் தெருவாக வசூலுக்குப் போகிற பில் கலெக்டரே இதைச் செய்துவிடலாம். எந்தச் சந்தில் எந்த வீடு யாருடைய பாகம் என்பது அவருக்குத் தெரிந்த அளவு தாசில்தாருக்கும் தெரியாது.

மற்றொன்று, பெயர் மாற்றத்தின் சரித்திரம். எங்கள் ஊரில் பழைய கேட்புப் பதிவேடு ஒன்றை ஒரு சமயம் பார்க்க நேர்ந்தது. பழைய பெயரைச் சிவப்பு மையால் ஒற்றைக் கோடிட்டு, படிக்கும்படியாகவே விட்டு, ஓரத்தில் உத்தரவின் எண்ணும் தேதியும் பத்திர எண்ணும் எழுதிச் சுருக்கொப்பமிட்டிருந்தார் ஒரு குமாஸ்தா. இன்றைய கணினி ரசீதில் புதுப் பெயர் மட்டுமே தெரிகிறது; அது எந்த ஆதாரத்தின்பேரில் வந்தது என்பது தெரிவதில்லை. கிரயமா, செட்டில்மெண்டா, வாரிசுச் சான்றிதழா என்பதை ரசீதிலேயே ஒரு வரியில் குறித்து, வாரிசு முறையில் மாற்றும்போது சான்றிதழில் கண்ட எல்லோருக்கும் முன்னறிவிப்பு அனுப்பி, ‘இது வரி செலுத்தியதற்கான அத்தாட்சி மட்டுமே, உரிமையைத் தீர்மானிப்பது அன்று’ என்று கீழே தடித்த எழுத்தில் போட்டுவிட்டால், சிவில் கோர்ட்டு வாசல்களில் காத்துக்கிடக்கும் பல அண்ணன் தம்பிகள் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்று நம்புகிறேன்.

சென்னைப் பட்டணத்தில் 1688-இல் கார்ப்பரேஷன் ஏற்பட்டதற்குக் காரணமாயிருந்த ஜோசையா சைல்டு என்ற கிழக்கிந்தியக் கம்பெனித் தலைவர், கோட்டையிலிருந்து விதிக்கப்படும் வரியைவிட, தம்மவர் கூடித் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் வரியை ஜனங்கள் மனமுவந்து கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டார். அவருடைய கணக்கு அன்று எளிதில் பலிக்கவில்லை. வியாபாரியின் தந்திரம் அதில் இருந்தபோதிலும் விஷயம் சரியானதே: கொடுக்கிறவனுக்கு அந்த ஏட்டில் தன் பெயரும் தன் வீடும் அடையாளம் தெரிய வேண்டும்.

அடுத்த அரையாண்டுக்கான கேட்பு அறிவிப்புகள் அச்சுக்குப் போகுமுன், பெரிதும் வேண்டாம், தங்கள் ஆளுகைக்குட்பட்ட ஏதேனும் ஒரு நகராட்சியில் ஒரு வார்டை மட்டும் எடுத்துக்கொண்டு சர்வே எண்ணைச் சேர்த்துப் பார்க்கும்படி உத்தரவிட வேண்டுகிறேன். எங்கள் ஊரையே தெரிந்தெடுப்பதாக இருந்தால், பத்திரம், பட்டா, பாட்டனார் பெயரில் உள்ள ரசீது மூன்றையும் எடுத்துக்கொண்டு முதல் ஆளாக நானே வந்து நிற்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வரி செலுத்தும் ஒரு வீட்டுக்காரன்