பாலுக்குப் பக்கத்தில் ஒரு டிரில்

ஜெர்மனியில் வாடகை வீட்டின் கதவைத் திறந்ததும் பல நேரம் கண்ணில் படுவது வெறும் சுவர்தான். சமையலறையில் மேடை இருக்காது, அலமாரி இருக்காது; தண்ணீர்க் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். கூரையில் ஒயர் தொங்கும், விளக்கு இருக்காது. முன்பு குடியிருந்தவர் எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போயிருப்பார். ஆள் வைத்து மாட்டலாமென்று கூலியைக் கேட்டால், அலமாரியே வேண்டாமென்று தோன்றிவிடும். சென்னையிலிருந்து வேலைக்குப் போனவரும் அங்கே சீக்கிரமே டிரில் பிடிக்கப் பழகிவிடுவது இதனால்தான்.

அந்த டிரில் கிடைக்கிற இடம்தான் வேடிக்கை. லிடில், ஆல்டி போன்ற மலிவு விலை சூப்பர்மார்க்கெட்டில் பாலும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு திரும்பினால், காலுறைக் குவியலுக்குப் பக்கத்திலேயே டிரில்லும் ரம்பமும் ஆங்கிள் கிரைண்டரும் அடுக்கியிருக்கும். லிடிலின் சொந்த பிராண்டான பார்க்சைடுக்கு 2023-இல் விளம்பரம் செய்ய வந்தவர் அர்னால்டு ஸ்வார்ஸ்நெக்கர். (அவர் கையில் எந்த டிரில்லும் பொம்மை மாதிரிதான் தெரியும்.) பேட்டரி, சார்ஜர் தனி, டிரில் மட்டும் சுமார் 30, 40 யூரோ. தொழில்காரர்கள் வாங்கும் டிரில்லுக்கு அதைப் போல இரண்டு, மூன்று மடங்கு கொடுக்க வேண்டும்.

தச்சர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் கணக்கு வேறு. நாள் முழுக்கச் சுழலும் மெஷினில் கார்பன் பிரஷ் தேய்ந்துகொண்டே போகும். காற்று போகும் துளை வழியே நீலப் பொறி பறப்பதைப் பார்க்கலாம். வருடத்தில் நாற்பது ஓட்டை போடும் வீட்டில் அந்த பிரஷ் தேய்வதற்குள் வீட்டுக்காரர் இரண்டு வீடு மாறியிருப்பார். வீட்டுக்கென்று தனித் தரத்தில் மெஷின் செய்வதும் புதிதல்ல. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் 1946-லேயே இதற்கென ஒரு வரிசையை இறக்கியது. பாஷ் இன்றைக்கும் வீட்டுக்குப் பச்சை, தொழிலுக்கு நீலம் என்று நிறத்திலேயே பிரித்து விற்கிறது.

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 20 வோல்ட்டைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஏளனம் செய்யவும் வேண்டாம். உள்ளே இருப்பவை 3.6 வோல்ட் செல்கள் ஐந்து, பெருக்கினால் 18. முழு சார்ஜில், வேலை எதுவும் கொடுக்காதபோதுதான் 20-ஐத் தொடும். விலை உயர்ந்த டிவால்ட்டும் அமெரிக்காவில் 20 என்று எழுதும் பேட்டரியைத்தான் ஐரோப்பாவில் 18 என்று எழுதி விற்கிறது.

மலிவு டிரில் மானத்தை வாங்குவது கான்கிரீட்டில். பழைய கிழக்கு ஜெர்மனியில் வார்ப்புப் பலகைகளை அடுக்கிக் கட்டிய அடுக்குமாடிகள் ஏராளம். அந்தச் சுவரில் சுத்தியல் படம் போட்ட சாதாரண டிரில்லை வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாலும் பத்து நிமிடத்தில் ஒரு விரற்கடை இறங்கினால் அதிகம். அதனுள்ளே இரண்டு பல் சக்கரங்கள் உரசி எழுப்பும் சின்னச் சின்ன அதிர்வுதான் அடி. ரோட்டரி ஹேமர் என்ற இன்னொரு வகை மெஷினில் பிஸ்டன் காற்றை அழுத்தி, பிட்டின் முதுகில் ஓங்கி அடிக்கும். கை வழிகாட்டினால் போதும். அதுவும் அதே சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் கிடைக்கும். கான்கிரீட்டைப் பொறுத்தவரை, மலிவான ரோட்டரி ஹேமர் விலை உயர்ந்த சாதாரண டிரில்லைத் தோற்கடித்துவிடும்.

உண்மையில் கைவிடுவது மெஷின் அல்ல, அதன் முனையில் இருப்பது. கூடவே வரும் பிட்டை இரும்பில் வைத்தால் முனை நீலம் பாரித்து, வெட்டாமல் தேய்க்க ஆரம்பிக்கும்; ரம்பத்தோடு வரும் பிளேடு பிளைவுட்டின் ஓரத்தைப் பிய்த்துவிடும். குற்றம் மெஷின் மேல் விழும். டிரில்லில் மிச்சமான காசில் கால்வாசியை நல்ல பிட்டுக்கும் பிளேடுக்கும் போட்டால் பாதிப் புலம்பல் அடங்கிவிடும். சாய்கோணத்தில் அறுக்கும் மேஜை ரம்பம் மட்டும் விதிவிலக்கு. அதன் தாங்குசட்டம் ஒரு நூல் விலகியிருந்தால் படச் சட்டத்தின் நான்கு மூலையும் வாய் பிளக்கும்; எந்த பிளேடும் அதைச் சரிசெய்யாது.

இன்னொரு செலவு மெதுவாகத் தெரியும். பேட்டரி பெரும்பாலும் ஒரு பிராண்டுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், முதல் டிரில்லோடு அடுத்த ஐந்து மெஷின்களும் எந்தக் கடையில் என்று முடிவாகிவிடுகிறது. பேட்டரிதான் கையில் இருக்கிறதே என்று, ஒரு தடவைகூடத் தேவைப்படாத கிரைண்டரும் கூடைக்குள் ஏறும். தேவைப்பட்டதை மட்டும் வாங்கியவருக்குத்தான் அந்த 30 யூரோ மலிவு.

உழைத்து ஓய்ந்த மெஷினுக்கும் அங்கே வழியுண்டு. 2022 ஜூலையிலிருந்து, மின்சாதனங்களையும் விற்கும் 800 சதுர மீட்டருக்கு மேற்பட்ட உணவுக் கடைகள் பழைய சின்ன மின்சாதனங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டுமென்பது சட்டம். பேட்டரியைக் கழற்றித் தனியே போட்டுவிட்டு, செத்த டிரில்லைக் கொடுத்துவிட்டு, பாலை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.