பரமபதமா, தாயமா?

நாமே ஒரு பாத்திரமா மாறி முடிவெடுக்கிற ஆர்பிஜி கேம்களைப் பத்திப் பேச்செடுத்தா, வகுப்புல ஒருத்தர் கட்டாயம் சொல்லிடுவார்: "நீ எதைத் தேர்ந்தெடுத்தாலும் கடைசியில ஒண்ணுதான், சும்மா ஏமாத்து வேலை." நான் ஒத்துக்க மாட்டேன்.

நம்ம செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்க ஆடுற பரமபதத்தை எடுத்துக்குங்க. ஏணியோ பாம்போ, கட்டை விழுந்தபடிதான். உங்க கையில எதுவும் இல்லை. தாயம் அப்படியா? எந்தக் காயை நகர்த்தறது, யாரை வெட்டறது, எதை மலையில நிறுத்தறது, எல்லாம் உங்க முடிவு. காய் பழமாகணும்ங்கறது எல்லாருக்கும் பொது. ஆனா ஒவ்வொரு ஆட்டமும் வேற.

'மாஸ் எஃபெக்ட் 3' (2012) மேல ரசிகர்கள் கொதிச்சதும் இதனாலதான். மூணு கேமா யாரைக் காப்பாத்தினோம், யாரைக் கைவிட்டோம்னு எழுதிவெச்ச கணக்கு பெரும்பாலும் படைபலம்ங்கற ஒரே கூட்டுத்தொகையில அடங்கிடுச்சு. கடைசியில மூணு வழி; காட்சிகள் ஏறக்குறைய ஒண்ணு, நிறம்தான் வேற. பயோவேர் அதே வருஷம் ஜூன்ல முடிவை விரிவாக்கி இலவசமா வெளியிட்டது.

'விட்சர் 3' (2015) விளையாடாதவங்க இந்தப் பத்தியைத் தாண்டிடுங்க. சிரி துவண்டு நிக்கும்போது அவளோட பனிப்பந்து எறிஞ்சு விளையாடறீங்களா, சமாதானம் சொல்லிக் குடிக்க உட்கார்ந்துடறீங்களா? இப்படிச் சில சின்ன விஷயங்கள்தான் அவ திரும்பி வருவாளான்னு தீர்மானிக்குது. விளையாடும்போது அது நமக்கே தெரியாது.

அதனால எத்தனை முடிவு இருக்குன்னு விளம்பரத்தைப் பார்த்து லீவு முழுக்கக் கொட்டாதீங்க. நீங்க செஞ்சதை அந்த கேம் ஞாபகம் வெச்சிருக்கான்னு பாருங்க. இருந்தா தாயம். இல்லேன்னா அழகா படம் போட்ட பரமபதம், அவ்வளவுதான்.