விசாரிக்க ஒரு ஆள்



குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. இலஞ்சியிலும் காற்று ஈரமாகிவிட்டது. சாயங்காலம் குமாரர் கோயில் பக்கம் நடந்துவிட்டு வந்தால் தோளுக்கு ஒரு துண்டு வேண்டியிருக்கிறது. இந்தக் குளிரிலேயே வளர்ந்த நம் பிள்ளைகளில் சிலர் இன்று பனி கொட்டும் நாடுகளில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்பே அந்தப் பாதையில் போன ஈழத் தமிழர்களைப் பற்றி இந்த மாதம் உங்களோடு பேச ஆசைப்படுகிறேன்.

நார்வேயின் வடகோடியில் இருக்கிறது ஃபின்மார்க். ஹம்மர்ஃபெஸ்ட், வர்தே, போட்ஸ்ஃபியோர்ட் என்று கடலோரச் சிற்றூர்கள் கொண்ட பகுதி. நம் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து 9 பாகை வடக்கே இருக்கிறது. ஹம்மர்ஃபெஸ்ட் 70 பாகையையும் தாண்டி. நவம்பர் கடைசியில் அங்கே மறையும் சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் மறுபடி தலைகாட்டும். நடுப்பகலில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை அதே சூரியன் மறைவதே இல்லை. அத்தனை வடக்கே இருந்தும் அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் கடல் உறைவதில்லை. அதனால்தான் அங்கே மீன்பிடியும் மீன் தொழிற்சாலைகளும் வளர்ந்தன.

யாழ்ப்பாணம் குருநகரைச் சேர்ந்த ஆன்டனி இராஜேந்திரம் 1956இல் நார்வே போய்ச் சேர்ந்தார். காரைநகரில் படகு கட்டிய சீநோர் நிறுவனம் அவர் முயற்சியால் நார்வே மக்களின் உதவியோடு பிறந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் யாழ்ப்பாணத்து இளைஞர்கள் படிப்பதற்கென்று நார்வே போனார்கள். இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாகப் போனவர்களின் எண்ணிக்கை கூடியது. நார்வேயின் வடக்கே உள்ளூர் இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. மீன் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டியிருந்தது. இவர்களுக்கு வேலை வேண்டியிருந்தது.

அந்தத் தொழிற்சாலைகளில் கீழிருந்து விளக்கெரியும் மேசை இருக்கும். அதன் மேல் தோலுரித்த காட் மீனின் துண்டத்தை வைத்தால் சதைக்குள் இருக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும். கத்தி முனையால் அதை எடுத்துவிட்டு அடுத்த துண்டம். ரப்பர் பூட்ஸ், கையுறை, நாள் முழுக்க நின்றபடி வேலை. யாழ்ப்பாணத்தில் படித்துப் பட்டம் வாங்கும் கனவோடு வளர்ந்தவர்களும் இந்த மேசையில் நின்றார்கள். உடம்பை ஒட்டிக் கம்பளி, அதற்கு மேல் காற்றுத் தடுக்கும் மேலங்கி என்று உடுத்தப் பழகினார்கள். உறைபனித் தெருவில் வழுக்காமல் நடக்கக் கற்றார்கள். வெயில் தராத வைட்டமின் டியை மீன் எண்ணெயில் தேடிக்கொண்டார்கள். கோடையில் நடுநிசி வெயிலை மறைக்கத் தடித்த திரை போட்டுத் தூங்கினார்கள்.

நல்ல சம்பளம், நல்ல வீடு, சூடான அறை, எல்லாம் இருந்தது. ஆனாலும் மேல் வலி, தலைவலி, அசதி என்று மருத்துவரிடம் மறுபடி மறுபடி போனார்கள். ஆன் சிக்ஃப்ரிட் கிரேன்செத் என்ற நார்வே மானுடவியலாளர் அப்படி ஒரு மீனவ ஊரில் தமிழர்களோடு பழகி, 2010இல் ஒரு நூல் எழுதினார். அந்த வலிக்கும், தம்மை இன்னார் என்று அறிந்து மதிக்கும் சுற்றத்தை இழந்ததற்கும் தொடர்பு உண்டு என்பது அவர் கண்டது.

இலஞ்சியில் தெருவில் இறங்கினால் நாலு வீடு தாண்டுவதற்குள் "எங்க போயிட்டு வாரிய?" என்று ரெண்டு பேராவது கேட்டுவிடுவார்கள். கேட்பவருக்குப் பதில் முக்கியமில்லை. நீ இன்னார் பிள்ளை, உன்னை எனக்குத் தெரியும் என்பதுதான் அந்த விசாரிப்பு. நார்வேக்காரருக்கோ, அடுத்தவர் பாட்டில் அவரை விட்டுவிடுவதுதான் மரியாதை. அவர்கள் மரியாதையாகக் காத்த மௌனம் வந்தவர்களுக்குத் தங்களை வேண்டாதவர்களாக ஒதுக்கி வைத்ததுபோல் பட்டது. யார்மேலும் குற்றமில்லை, வேதனை மட்டும் உண்மை.

ஃபின்மார்க் மக்களும் ஒரு காலத்தில் வீடிழந்தவர்கள்தான். இரண்டாம் உலகப் போரில், 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை அந்தப் பகுதியையே எரித்து, மக்களை வலுக்கட்டாயமாகத் தெற்கே அனுப்பியது. ஹம்மர்ஃபெஸ்டில் மிஞ்சியது சிறிய கல்லறைக் கோயில் ஒன்றுதான். போர் முடிந்து திரும்பி வந்து, சாம்பல் மேட்டில்தான் ஊரைக் கட்டினார்கள். மீன் மேசையின் இரு பக்கமும் ஊர் எரிந்த கதை இருந்தது. பக்கத்தில் நிற்பவரின் கதையைக் கேட்க ஒரு வாய் வார்த்தைதான் வேண்டியிருந்தது.

தொண்ணூறுகளில் தமிழர்கள் பலர் உறவும் கோயிலும் தேடி ஓஸ்லோ பக்கம் இடம்பெயர்ந்தார்கள். சிறுவயதில் ஹம்மர்ஃபெஸ்டில் வாழ்ந்த ஹம்சாயினி குணரத்தினம் 2015இல் ஓஸ்லோவின் துணை மேயரானார். 2021இல் நார்வே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அந்த வடகோடி ஊர்களுக்கும் நம் ஜனங்களுக்கும் உள்ள உறவு வீணாகிவிடவில்லை.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் பக்கத்துக் கட்டட வேலைகளிலும் ஓட்டல் அடுப்படிகளிலும் ஒடிசா, பீகார், அசாம் பிள்ளைகள் நிற்கிறார்கள். சாரல் காற்று அவர்களுக்கும் புதுசு. நாம் அவர்களிடம் வேலை வாங்குகிறோம், கூலி கொடுக்கிறோம். பேர் என்ன, எந்த ஊர், அம்மா சுகமா என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்? சைகையிலாவது கேட்கலாம். முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளை போன் பண்ணும்போதும் சம்பளத்தையும் சாப்பாட்டையும் கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "இன்னைக்கு யார்கிட்ட எல்லாம் பேசின?" என்றும் கேளுங்கள். யாருடனும் பேசவில்லை என்று பதில் வந்தால் அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேசிவிட்டுப் போனை வையுங்கள். தூர தேசத்தில் இருக்கும் உங்கள் பிள்ளைகள் அனுபவத்தை எழுதி அனுப்பினால், வரும் இதழ்களில் மகிழ்ச்சியோடு வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்
இலஞ்சி