கதை வேண்டும், சொன்னவன் வேண்டாம்

ஸ்காட்லாந்து என்றதும் நம்மில் நாலு எழுத்து படித்தவர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கட்டம் போட்ட பாவாடை கட்டிய ஆம்பிளைகள், பைக்குழல், ஏரிக்குள்ளிருந்து தலை நீட்டும் பூதம், இடிந்த கோட்டை. நாட்டுப்புற மணம் கமழும் தேசம்! இந்தப் படத்துக்குச் சாயம் பூசியது யார் என்று கேட்டுப் பாருங்கள். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் மன்னன் எடின்பரோவுக்கு எழுந்தருளினான். நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் கூத்து வாத்தியார் மாதிரி நின்று எல்லோருக்கும் வேஷம் கட்டிவிட்டார். மன்னனுக்கும் மேட்டுநிலத்துப் பாவாடை, உள்ளே இளஞ்சிவப்புக் காலுறை. அதற்கு எட்டே வருஷத்துக்கு முன்னால், 1814இல், அதே மேட்டுநிலத்தின் சதர்லாந்துப் பகுதியில், ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் பண்ணை நிர்வாகி பேட்ரிக் செல்லர் கூரைகளைக் கொளுத்திக் குடியானவர்களை விரட்டியிருந்தான். 1816இல் வழக்கு நடந்தது. ஜூரிகளில் பெரும்பாலோர் நிலம் வைத்திருந்தவர்கள். விடுதலை செய்தார்கள். காலியான நிலத்தில் ஆட்டுப் பண்ணை வைத்ததும் அதே செல்லர்தான். விரட்டப்பட்டவனின் துணி, விரட்டிய வர்க்கத்தின் விருந்துடுப்பு ஆகிவிட்டது.

இது தெரிந்த கதைதான். மார்க்ஸ் மூலதனத்தில் எழுதிவிட்டார், தோழர்களும் கூட்டங்களில் சொல்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தக் குடியானவனுக்குக் கொளுத்துவதற்காவது ஒரு கூரை இருந்தது. வாடகை ஏட்டில் அவன் பெயர் இருந்தது. அவனுக்காக அழுவதற்கு இன்றைக்கு நினைவுத் தூண்களும் நூல்களும் உண்டு. கூரையும் இல்லாமல், ஏட்டிலும் இல்லாமல், அந்தக் குடியானவனாலேயே வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தப்பட்ட ஒரு சனம் இருந்தது, இருக்கிறது. ஸ்காட்லாந்தின் கதைகளையும் பாட்டுகளையும் சுமந்து வந்தவர்களில் முதல் வரிசை அவர்களுடையது. எந்தப் படத்திலும் அவர்கள் இல்லை.

ஊர்க்காரன் வைத்த பெயர் டிங்கர். தகரம் தட்டுகிறவன் என்று அர்த்தம், வழங்கியது வசவாக. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது டிராவலர் என்று. பனிக்காலத்தில் ஏதாவது ஊர் ஓரம் ஒண்டிக் கிடப்பார்கள். புரூம் என்கிற புதர் மஞ்சளாய்ப் பூத்தால் பாதைக்குக் கிளம்பிவிடுவார்கள். ஹேசல் கம்புகளை வளைத்து நட்டு மேலே தார்ப்பாயோ பழைய துணியோ போர்த்தினால் கூடாரம். தகரக் குவளை, பால் வாளி, கொம்பில் கடைந்த கரண்டி, கூடை, துடைப்பம் எல்லாம் செய்து வாசல் வாசலாகக் கொண்டுபோய் விற்பார்கள். குதிரை வாங்கி விற்பார்கள். ஆற்றுச் சிப்பியில் முத்தெடுப்பார்கள் (அதற்கும் 1998இல் தடை வந்துவிட்டது). டர்னிப் வயலில் களைப்பது, ஜூலையில் பிளேர்கவ்ரி தோட்டங்களில் ராஸ்பெர்ரி பறிப்பது, அக்டோபரில் உருளைக்கிழங்கு பொறுக்குவது எல்லாவற்றுக்கும் இவர்கள் கை வேண்டும். கல்யாணத்துக்கும் விழாவுக்கும் பைக்குழல் ஊத இவர்கள் மூச்சு வேண்டும். பண்ணைக்காரன் வீட்டுக் கணப்படியில் ராத்திரி கதை சொல்லவும் வேண்டும். கிழங்கு மூட்டை வண்டி ஏறியதும் என்ன ஆகும்? இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய் என்று கேட்க போலீஸ்காரன் வருவான்.

ஊர்ச் சனமும் இவர்களைப் பற்றி ஒரு கதை வைத்திருந்தது. ஏசுவை அறைய ஆணி அடித்துத் தர எந்தக் கொல்லனும் ஒப்பவில்லையாம், தகரக்காரன் மட்டும் அடித்துக் கொடுத்தானாம், அந்தச் சாபத்தில்தான் அவன் வம்சம் நிற்காமல் அலைகிறதாம். நாடோடிக் கொல்லர்கள் தலையில் அய்ரோப்பாவில் பல இடங்களில் கட்டிய கதை இது. உன்னை நான் விரட்டவில்லை, உன் முப்பாட்டன் செய்த பாவம் விரட்டுகிறது! இதுவும் நாட்டார் வழக்காறுதான். இதையும் அழகு என்று சேகரித்துப் பைண்டு செய்து வைக்கலாம்தானே?

சாபம் போதாதென்று சட்டமும் வந்தது. 1609இல் ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் 'எகிப்தியர்கள்' எல்லோரும் நாட்டை விட்டு ஓடிவிட வேண்டும் என்றது. தங்கினால் மரணம். திருடினான், கொன்றான் என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஊரில் அவனை எகிப்தியன் என்று சொல்கிறார்கள் என்று நிரூபித்தால் போதும். பிறப்பே குற்றம், வதந்தியே சாட்சி.

1700 நவம்பர் 16ஆம் தேதி பான்ஃப் நகரச் சந்தையில் ஜேம்ஸ் மேக்ஃபர்சன் என்கிற பிடில்காரனைத் தூக்கில் போட்டார்கள். குற்றப்பத்திரிகையில் அவன் எகிப்தியன் என்று பெயரெடுத்தவன். அப்பன் நிலப்பிரபு, ஆத்தா நாடோடிச் சாதி என்று சொல்வார்கள். தூக்குமரத்தின் கீழ் பிடில் வாசித்துவிட்டு, யாராவது இதை வாங்கிக்கொள்கிறீர்களா என்று கூட்டத்தைக் கேட்டானாம். ஒருவரும் கை நீட்டவில்லை, உடைத்துப் போட்டானாம். தண்டனை ரத்து உத்தரவோடு குதிரைக்காரன் வருகிறான் என்று தெரிந்து ஊர்ப் பெரியவர்கள் மணிக்கூண்டுக் கடிகாரத்தை முன்னால் தள்ளி வைத்தார்களாம். நடந்ததா இல்லையா என்று வரலாற்றுக்காரர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். அதிகாரத்தின் கடிகாரம் யாருக்காக ஓடும் என்று சனங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அதைக் கதையாக வைத்திருக்கிறார்கள். பிறகு ராபர்ட் பர்ன்ஸ் அவனைப் பாட்டாக்கினார். அந்த உடைந்த பிடிலின் மிச்சம் என்று ஒன்று இப்போது நியூட்டன்மோரில் மேக்ஃபர்சன் குலத்தாரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயிரோடிருந்தபோது எகிப்தியன், செத்த பிறகு குலப்பெருமை. எப்படி?

1865இல் அத்துமீறல் சட்டம். உடைமைக்காரன் அனுமதியில்லாமல் தனியார் நிலத்தில் தங்கினாலோ, பாதையோரம் அடுப்பு மூட்டினாலோ குற்றம். ஆறே வருஷத்தில், 1871இல், அதே சாம்ராஜ்யம் இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது, 1911இல் அது சென்னை ராஜதானிக்கும் நீண்டது. நடமாடும் மனிதனைப் பார்த்தால் வெள்ளைக்காரத் துரைக்கு எங்கேயும் ஒரே அரிப்புதான்.

இனி பர்க்கர் கதைகளுக்கு வருகிறேன். டிராவலர் கூடாரங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டவை. ராத்திரி. சத்தமே இல்லாமல் ஒரு கறுப்புக் கோச் வண்டி வருகிறது. சக்கரத்துக்கு ரப்பர், குதிரைக் குளம்புகளுக்குத் துணி. உள்ளே உயரத் தொப்பி வைத்த டாக்டர்கள், கூடவே மருத்துவ மாணவர்கள். பாதையோரம் படுத்திருக்கும் டிராவலரைப் பிடித்து மூச்சை அடைத்து, அறுத்துப் பார்க்கக் காலேஜுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இன்னொரு கதையில் ஒரு பண்ணைக்காரன் ரொம்ப அன்பாகக் களஞ்சியத்தில் படுத்துக்கொள் என்கிறான், கஞ்சியும் தருகிறான். நடுச்சாமத்தில் முழிப்பு வந்து பார்த்தால் கதவு வெளியே பூட்டியிருக்கிறது.

ஆராய்ச்சிக்காரர்கள் இதைப் பேய்க்கதைகளுக்குப் பக்கத்தில், பயங்கரக் கதை என்று ஒரு தலைப்பில் வைக்கிறார்கள். பயங்கரந்தான். ஆனால் 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் 16 பேரைக் கொன்று உடற்கூறு வகுப்பு நடத்திய டாக்டர் ராபர்ட் நாக்ஸிடம் விற்றது கதையா? முதலில் விற்றது தானாகச் செத்த ஒரு கிழவனின் உடம்பு. 7 பவுன் 10 ஷில்லிங் கையில் விழுந்ததும், சாகும்வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. செத்தவர்களில் பெரும்பாலோர் அநாதைக் கிழவிகள், பிச்சைக்காரர்கள், தேடி வர ஆளில்லாதவர்கள். 1829 ஜனவரி 28இல் பர்க் தூக்கில் தொங்கினான். ஹேர் அரசுத் தரப்புச் சாட்சியாகித் தப்பினான். வாங்கிய நாக்ஸ் மேல் வழக்கே இல்லை. நான் வங்கியில் குமாஸ்தா. திருட்டு நகை என்று தெரிந்து அடகு பிடித்தவனுக்கும் வழக்கு உண்டு என்கிற சட்டமாவது எனக்குத் தெரியும்.

அப்புறம் 1832இல் உடற்கூறு சட்டம் வந்தது. உரிமை கோர ஆளில்லாத பிணங்களை அறுவைக்குக் கொடுக்கலாம். ஏழை விடுதியில் செத்தவனை யார் கோருவது? முன்பு கொலைகாரன் கொண்டுவந்ததை இனி ரசீது போட்டு வாங்கலாம் என்றாகிவிட்டது. கூடாரத்துக் கிழவி நூறு வருஷம் கழித்தும் பேரப்பிள்ளைகளிடம் ராத்திரி வெளியே போகாதே, டாக்டர் பிடிப்பான் என்று சொன்னால், அது மூடநம்பிக்கையா? தன் உடம்பின் விலை யாருக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பர்க்கின் எலும்புக்கூடு இன்றும் எடின்பரோ பல்கலைக்கழகத்து உடற்கூறு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. டிராவலர்கள் சொன்ன பர்க்கர் கதைகளின் ஒலிநாடாக்களைச் சேர்த்து வைத்திருப்பதும் அதே பல்கலைக்கழகம்தான். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம்.

இந்த ஒலிநாடா விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஹார்வர்டு பேராசிரியர் சைல்ட் 1882 முதல் 1898 வரை 305 கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். பெரும்பாலும் பழைய ஏடுகள், அச்சுப் புத்தகங்களிலிருந்து. வாய்வழிப் பாட்டின் காலம் முடிந்தது என்பதே படித்தவர்களின் எண்ணம். செத்துப்போனதாகச் சொன்ன பாட்டு எங்கே இருந்தது? 1951இல் எடின்பரோவில் ஸ்காட்டிய ஆய்வுப் பள்ளி தொடங்கியது. அதில் வேலை செய்த கவிஞர் ஹேமிஷ் ஹென்டர்சன் 1953இல் அபர்டீன் நகரில் ஜீனி ராபர்ட்சன் என்ற டிராவலர் பெண்ணின் கதவைத் தட்டினார். சைல்ட் ஏட்டில் 13ஆம் எண்ணாகக் கிடந்த, சகோதரனைக் கொன்றவனின் கதைப்பாட்டு அந்தம்மா தொண்டையில் உயிரோடு இருந்தது. பிளேர்கவ்ரி பழத்தோட்டத்தில் பெல் ஸ்டூவர்ட் குடும்பம் பாடியது. டே நதிக்கரையில் கூடாரத்தில் 1906இல் பிறந்தவர் பெல். ஆஸியன் காவியம் என்று 1760களில் இன்னொரு ஜேம்ஸ் மேக்ஃபர்சன் வெளியிட்டதைப் படித்து அய்ரோப்பாவே உருகியது. நெப்போலியனுக்கு அது பிடித்த புத்தகம். அந்த வீரர்களின் பழங்கதைகளைக் கேலிக் மொழியில் சொல்லக்கூடிய ஒருவர், கண் தெரியாத அலெக் ஸ்டூவர்ட், 1950களில் சதர்லாந்தில் கூடாரம் போட்டுக்கொண்டிருந்தார். குடியானவர்களை விரட்டிய அதே சதர்லாந்து. அவரும் டிங்கர்.

நாட்டார் பாடலுக்கு ஆசிரியன் இல்லை, அது மக்களின் பொதுச்சொத்து என்று ஒரு கருத்தரங்கில் மூத்த பேராசிரியர் ஒருவர் சொல்லக் கேட்டேன். கேட்க நன்றாயிருக்கிறது. எந்த மக்கள் அய்யா? பொதுச்சொத்து என்றால் பொதுக் கிணறு மாதிரியா? நாட்டார் என்ற சொல்லுக்குள்ளே ஒரு நாடு இருக்கிறது, அதற்கு ஓர் எல்லை இருக்கிறது. டிராவலர்கள் வெளியாட்களைத் தங்கள் பேச்சில் 'கன்ட்ரி ஹான்டில்' என்பார்கள், நாட்டுச் சனம் என்று சொல்லலாம். பாருங்கள், நாட்டார் யார், தாங்கள் யார் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. பாட்டை நாட்டின் கணக்கில் வரவு வைத்து, பாடியவளைப் பற்று எழுதித் தள்ளுவது எங்கள் கவுண்டரில் நடந்தால் தணிக்கைக்காரன் சும்மா விடமாட்டான்.

ஹென்டர்சனை நான் இந்தக் கூண்டில் ஏற்றமாட்டேன். அவர் கூடாரத்தோடு கூடாரமாகப் படுத்தவர், பாடியவர்களின் பெயரை உரக்கச் சொன்னவர். அவர் டேப் ரிக்கார்டரோடு அலைந்த அதே வருஷங்களில் அவருடைய நாட்டு அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதுதான் என் கேள்வி.

1908இலேயே குழந்தைகள் சட்டம் கணக்கு போட்டது. அக்டோபர் முதல் மார்ச் வரை டிராவலர் பிள்ளை 200 அரைநாள் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெற்றோர் மேல் நடவடிக்கை. படிப்பு நல்லதுதானே என்பீர்கள். பெட்ஸி வைட் 1979இல் எழுதிய 'தி யெல்லோ ஆன் தி புரூம்' என்ற தன்கதையை வாசியுங்கள், டிராவலர் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று தெரியும். பிள்ளைகளைப் பறித்துக்கொண்டு போவார்கள் என்ற பயம் வெறும் பயமாக நிற்கவில்லை. பறித்தார்கள். சத்தமில்லாத கோச் வண்டி கடைசியில் பட்டப்பகலில், அரசாங்க முத்திரையோடு வந்தது.

1946-47இல் பிட்லாக்ரி ஊருக்கு வெளியே பாபின் மில் என்ற இடத்தில் டிராவலர்களுக்காகக் கொட்டகை போட்டார்கள். மின்சாரம் இல்லை. நாகரிக மனிதர்களாக மாறுகிறார்களா என்று பார்ப்பதற்காம். இதற்கு 'டிங்கர் பரிசோதனை' என்றே பெயர். எலியை வைத்துச் செய்வார்களே, அந்தப் பரிசோதனை! ஒரு பக்கம் பல்கலைக்கழகம், பாட்டி இன்னொரு பாட்டு பாடுங்கள் என்கிறது. இன்னொரு பக்கம் அதிகாரி வந்து, கூடாரத்தைப் பிரித்து இந்தக் கொட்டகைக்குள் வா, வராவிட்டால் பிள்ளை உனக்கில்லை என்கிறான். அதே நாடு. கூடாரத்தைப் பிரித்தபிறகு பாட்டு எங்கே உட்காரும் என்று ஒரு மசுராண்டியும் கேட்கவில்லை.

2008இல்தான் ஒரு வேலைத் தீர்ப்பாயம் இவர்களைத் தனி இனக்குழு என்று ஏற்றது. தனி வரலாறும் பண்பாடும் உண்டு என்று நிரூபிக்க வேண்டியிருந்தது, அய்ம்பது வருஷ ஒலிநாடா அடுக்கில் இருந்தபோதும். 2025 ஜூன் 25ஆம் தேதி ஸ்காட்லாந்து முதலமைச்சர் ஜான் ஸ்வின்னி பாராளுமன்றத்தில் எழுந்து, 1940 முதல் 1980 வரை நடந்த கொடுமைக்கு மன்னிப்புக் கேட்டார். கேட்கட்டும். கொட்டகையில் வளர்ந்தவர்களில் பலர் அதைக் கேட்க உயிரோடு இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதல்முறையாக இவர்களுக்குத் தனிக்கட்டம் வந்தது. அதில் டிக் போட்டவர்கள் சுமார் 4,200 பேர். அவர்களோடு வேலை செய்யும் அமைப்புகளின் மதிப்பீடு 15,000க்கு மேல். மீதிப் பேர் எங்கே போனார்கள் என்று அதிகாரிகளுக்கு ஆச்சரியம். பெயர் ஏட்டில் ஏறினால் யார் வருவான் என்று கூடாரத்தில் பிறந்த எந்தப் பிள்ளையையும் கேட்டால் சொல்லியிருக்கும்.

அந்த ஒலிப்பதிவுகளில் பல 2010 முதல் இணையத்தில் கிடைக்கின்றன. கேட்கப் போகும் மாணவத் தோழர்கள் பாட்டு மட்டும் போதும் என்று முன்னால் ஓட்டிவிடாதீர்கள். நடுவில் அவர்கள் பேசுகிறார்கள். எந்தப் பண்ணையில் படுத்தோம், யார் விரட்டினார்கள், அந்தக் களஞ்சியக் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருந்தது என்று.