எடையை அளந்தால் மட்டும் போதுமா?

2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடு முழுக்கப் பாடசாலைக்கு லீவு. இந்தியப் பக்கமிருந்து வந்த தூசிப்புகை யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் மூடினதும், காற்றின் தரம் எண்டா என்னெண்டே யோசிக்காத ஆக்கள்கூட போனைத் தட்டித் தட்டி இலக்கம் பார்த்தார்கள். நல்ல விசயம்தான். ஆனா நுரைச்சோலையில வருசாவருசம் சோளகக் காற்றோட சாம்பல் பறக்குது எண்டு சனம் கத்துதே, அதுக்கு ஆர் லீவு விட்டது?

லக்விஜய அனல்மின் நிலையம் 900 மெகாவாட். நாட்டிலயே பெரிய நிலக்கரி மின்நிலையம், கற்பிட்டித் தீபகற்பத்தின் மேற்குக் கரையில நிக்குது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை காற்று கடலிலிருந்து ஊருக்குள்ள அடிக்கும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பு; கப்பலிலிருந்து கரி இறக்க ஏலாது. அதனால முன்கூட்டியே மலைமாதிரிக் குவித்து வைக்கிறார்கள். காற்று பலக்கிற காலத்திலதான் குவியலும் பெருத்துக் கிடக்குது. அந்தப் பக்கத்திலதான் வெங்காயமும் மிளகாயும் செய்கிற தோட்டங்கள். 1990இல் வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வந்து கூடாரம் போட்டதும் அங்கதான்.

கேட்டால் 'தூசி அளவு வரம்புக்குள்ளதான்' என்பார்கள். எந்த வரம்பு? 2008 வர்த்தமானிப்படி பி.எம். 2.5 துகள் வருடச் சராசரியாக ஒரு கனமீற்றருக்கு 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 5. அதையும் விடுவம். இந்த இரண்டு இலக்கமும் தூசியின் எடையைத்தான் சொல்லுது. தூசிக்குள்ள என்ன இருக்கெண்டு சொல்லாது. கடல் உப்பும் ஒரு மைக்ரோகிராம்தான், ஆர்சனிக் ஒட்டின சாம்பலும் ஒரு மைக்ரோகிராம்தான். தராசுக்கு இரண்டும் ஒண்டு, நுரையீரலுக்கு அப்படியில்லை.

நிலக்கரியில ஆர்சனிக், ஈயம், கட்மியம், நிக்கல், குரோமியம், பாதரசம் எல்லாம் கொஞ்சங்கொஞ்சம் இருக்கு. உலைச் சூட்டில இவற்றில் பல ஆவியாகி, புகை ஆறும்போது துகள்களில் படியும். சின்னத் துகளுக்கு எடையைவிட மேற்பரப்பு அதிகம், அதனால அதில கூடப் படியும். புகைபோக்கியில பூட்டியிருக்கிற மின்வடிகட்டி பெருந்துகளைச் சுலபமாப் பிடிக்கும். ஆக நுண்ணிய துகள்தான் அதிகம் தப்பும். பாதரசத்தில ஒரு பங்கு ஆவியாகவே போயிடும். அப்ப '99 வீதம் வடிகட்டுறம்' எண்டு சொல்லுறவர் எடைக்கணக்கில பொய் சொல்லேல்லை. ஆனா தப்பிப்போன அந்த மிச்சத்திலதான் எங்கட பயமே இருக்கு.

கட்மியம் சிறுநீரகத்தில ஏறினால் பத்து இருபது வருசம் இறங்காது. ஆர்சனிக்கும் குரோமியத்தின் ஒரு வடிவமும் நிக்கல் சேர்மங்களும் நுரையீரல் புற்றுநோயைத் தருபவை எண்டு உறுதியானவை. பிள்ளைகளின் மூளைக்கு ஈயத்தில 'பாதுகாப்பான அளவு' எண்டு ஒண்டு இல்லவே இல்லை. 2002இல் பெற்றோலிலிருந்து ஈயத்தை எடுத்தது அதனாலதானே? கொழும்பு வீதிக்கு ஒரு நியாயம், புத்தளத்துக்கு வேற நியாயமா?

'அப்ப கரண்டை நிப்பாட்டுவமா?' எண்டு உடனே ஒரு கேள்வி வரும். 2022இல பதின்மூன்று மணித்தியாலம் இருட்டில இருந்தனாங்கள்தான், எங்களுக்கும் தெரியும். நாளைக்கே மூடச் சொல்லி நாங்கள் கேக்கேல்லை. கரிக்குவியலையும் சாம்பல் மேட்டையும் கூரை போட்டு மூடுங்கோ. ஊருக்குள்ள, பள்ளிக்கூட முற்றத்தில, துகள் பிடிக்கிற கருவி வையுங்கோ. பிடிச்ச தூசியில எந்த உலோகம் எவ்வளவு எண்டு மாதாமாதம் தமிழிலயும் சிங்களத்திலயும் ஒட்டுங்கோ. பிள்ளைகளின் இரத்தத்தில ஈயம் பாருங்கோ, சோளகத்துக்கு முதல் ஒருக்கா, பிறகு ஒருக்கா.