அரிசிக்கு அரசு இருக்கிறது, காய்கறிக்கு யார்?

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் என்ன கிடைக்கும் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிவிடும். அரிசிக்கு 2011 ஜூன் முதல் காசில்லை. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், மலிவு விலையில் சர்க்கரை. பசியை விரட்டிய ஏற்பாடு இது. இதை ‘இலவசக் கலாச்சாரம்’ என்று கேலி பேசுபவர்கள் 1960-களின் அரிசித் தட்டுப்பாட்டை மறந்தவர்கள். ஆனால், இதையெல்லாம் தட்டில் வைத்துப் பாருங்கள். சோற்றில், பருப்பில், தாளிக்கிற எண்ணெயில், காபிக்குப் போடும் சர்க்கரையில் அரசின் கை இருக்கிறது. காயிலும் பழத்திலும் மட்டும் இல்லை. அவற்றைக் குடும்பம் சந்தை விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கி வந்ததை ஆய்வதும் நறுக்குவதும் வீட்டுப் பெண்ணின் பாடு. தமிழர்கள் காய்கறி குறைவாகச் சாப்பிடுவதற்கு நாக்கையும் சோம்பலையும் குற்றம் சொல்வதற்கு முன்னால், இந்தக் கணக்கைப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு நாளைக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 400 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்றவை இந்தக் கணக்கில் சேராது. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் மேலே போகிறது: காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம். அரிசி, கோதுமை, சிறுதானியம் எல்லாம் சேர்த்தே 250 கிராம்தான். அதாவது, சமைப்பதற்கு முந்தைய எடையில் தானியத்தைவிடக் காய் கூடுதலாக இருக்க வேண்டும். நம் வீடுகளில் நடப்பது தலைகீழ். நால்வர் உள்ள குடும்பத்தில் மதியப் பொரியலுக்கு அரைக் கிலோ பீன்ஸ் வாங்கினால் அதுவே தாராளம். தலைக்கு 125 கிராம். சாம்பாரில் இரண்டு முருங்கைத் துண்டு, நாலு கத்தரி. காலையில் இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி, இரவு தோசைக்குப் பொடி. வெங்காயம், தக்காளியையும் தாராளமாகச் சேர்த்து எண்ணினாலும் பரிந்துரையில் பாதியைத் தாண்டுவது கடினம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தப் பரிந்துரையைத் தந்த ஹைதராபாத் நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் ஓர் அறையில், பெரிபெரி என்ற சத்துக்குறைபாட்டு நோய் குறித்த ஆய்வைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது. குன்னூரில் இருந்தபோது இந்தியாவின் பல பகுதி மக்களின் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தார் மெக்காரிசன். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, பச்சைக் காய்கறி என்று சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டைத் தின்றவை நலிந்து கிடந்தன. காய்கறி மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பாலும் தானியமும்கூட வேறுபட்டன. ஆனாலும், சோற்று மலையும் ஓரத்தில் ஒரு கரண்டித் தொட்டுக்கையுமாக இருக்கும் தட்டின் மேல் எழுந்த இந்த அறிவியல் புகாருக்கு நூறு வயது ஆகிறது. கேரட்டும் முட்டைகோஸும் விளையும் மலையிலிருந்தே அந்தப் புகார் எழுந்தது.

அன்றைய நோய் பெரிபெரி. இன்றைய நோய் வேறு. 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய நீரிழிவு ஆய்வு, தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தேசிய சராசரி 11.4. இன்னொரு பக்கம், தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலத்துப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. சர்க்கரை அளவு கூடிய உடலும் இரும்புச்சத்து குறைந்த உடலும் ஒரே வீட்டில், சில வேளை ஒரே ஆளிடம் இருக்கின்றன. இரண்டுக்கும் தட்டில் சோறு குறைந்து கீரை, காய், கொய்யா, நெல்லி கூட வேண்டும். கீரையிலுள்ள இரும்பை உடல் ஏற்க வைட்டமின் சி துணை தேவை. கீரை மசியலோடு எலுமிச்சை ஊறுகாயும் கடைசியில் ஒரு கொய்யாத் துண்டும் சேரும்போதுதான் அந்தச் சாப்பாடு முழுமையாகிறது.

சரி, காசுக்கு வருவோம். நால்வருக்குப் பரிந்துரைப்படி வாங்கினால் மாதம் 48 கிலோ காய், 12 கிலோ பழம். காயைக் கிலோ 40 ரூபாய் என்றும், பழத்தில் ஆப்பிளை விட்டுவிட்டு வாழை, கொய்யா, பப்பாளியாகப் பார்த்துக் கிலோ 60 ரூபாய் என்றும் வைத்துக்கொண்டாலும் மாதம் 2,640 ரூபாய் ஆகிறது. மகளிர் உரிமைத்தொகையான 1,000 ரூபாயை அப்படியே காய்க்கடையில் கொடுத்தாலும் பாதி வராது. அரிசிக்குச் செலவே இல்லாத வீட்டில் இந்தத் தொகை கண்ணை உறுத்தத்தான் செய்யும். இல்லாதவர் சோற்றைக் கூட்டிக் காயைக் குறைக்கிறார் என்றால், அவர் அறியாமல் செய்யவில்லை. கணக்குப் போட்டுத்தான் செய்கிறார்.

ஆனால், பணத் தட்டுப்பாடு மட்டும் என்று முடித்துவிடவும் முடியாது. மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவு ஆய்வின்படி, கிராமத்து வீடுகள் மொத்தச் செலவில் காய்கறிக்கு ஒதுக்குவது 5.4 சதவீதம், பானங்கள், நொறுக்குத்தீனி, பதப்படுத்திய உணவு ஆகியவற்றுக்கு 9.6 சதவீதம். நகரத்தில் இடைவெளி இன்னும் பெரிது: காய்கறிக்கு 3.8, பாக்கெட்டுக்கும் பானத்துக்கும் 10.6. பத்து ரூபாய் சிப்ஸ் பாக்கெட்டின் விலை வருடம் முழுக்கப் பத்து ரூபாய்தான். தக்காளி அப்படியா? 2023 ஜூலையில் கிலோ 150 ரூபாயைத் தாண்டியது. சென்னையில் ரேஷன் கடைகளிலேயே 60 ரூபாய்க்கு விற்க வேண்டி வந்தது. வேறு பருவங்களில் அதே தக்காளியைப் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி சாலையோரத்தில் கொட்டுகிறார். 2025 கோடையில் கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கும் அதே கதி. இப்படி ஏறி இறங்கும் பொருளை நம்பி எந்தக் குடும்பமும் சாப்பாட்டைத் திட்டமிடாது.

விலைக்கு அடுத்தது வேலை. இதை நம் ஊட்டச்சத்துப் பிரச்சாரங்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2024-ல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் கைவைக்கும் ஆண்கள் 88 நிமிடம். சோறு தானாக வேகும், குக்கர் விசிலடிக்கும். வாழைப்பூவில் மடல் மடலாகப் பிரித்து நரம்பு எடுக்க வேண்டும். முருங்கைக் கீரையை உருவ வேண்டும். கொத்தவரங்காய்க்கு இரு முனையும் கிள்ள வேண்டும். ‘தினமும் கீரை சாப்பிடுங்கள்’ என்று மேடையில் முழங்கும் மருத்துவர், அதை ஆய்வது யார் என்று சொன்னதாக நான் கேட்டதில்லை. ஆணின் கையில் அரிவாள்மனையோ கத்தியோ ஏறாமல் தமிழ்நாட்டில் காய்கறி நுகர்வு கூடப்போவதில்லை; எந்தத் துண்டுப் பிரசுரமும் இதற்கு மாற்று ஆகாது.

இந்த நேரத் தட்டுப்பாட்டை முதலில் புரிந்துகொண்டவர்கள் அதிகாரிகள் அல்ல. சென்னை மாம்பலம் ரயில் நிலையத்தை ஒட்டி, வேலை முடிந்து வீடு திரும்பும் பெண்களுக்காக நறுக்கிய காய், ஆய்ந்த கீரை, உரித்த சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சிறு சிறு பைகளில் விற்கும் பெண்கள்தான். என்னைக் கேட்டால், இந்த நகரம் கண்ட மிக நல்ல உணவுத் திட்டம் அதுதான். மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் இதை ஒப்படைத்து, சுத்தமான கொட்டகையும் தண்ணீரும் குளிர்ப்பெட்டியும் கொடுத்தால் ஒவ்வொரு பேருந்து நிலையத்திலும் செய்யலாம்.

இனி ருசி. காய்கறியை மருந்துச்சீட்டாக மாற்றியதுதான் கடந்த முப்பதாண்டுகளில் நாம் செய்த பெரிய கெடுதல். பாகற்காய் சர்க்கரைக்கு, வாழைத்தண்டு கல்லுக்கு, முடக்கத்தான் மூட்டுக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய் ஒட்டியாயிற்று. நோயில்லாதவனுக்கு அதில் என்ன வேலை? திருநெல்வேலி அவியலைச் செய்தவர்கள் யாருக்கும் நோய் தீர்க்கச் செய்யவில்லை. சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சு இட்லியைக் கூடுதலாக உள்ளே தள்ளுவதற்காகப் பிறந்தது. பீர்க்கங்காய்த் தோலைக்கூட வீணாக்காமல் துவையல் அரைத்த சமையல் இது. சோற்றைக் குறைத்துக் காயை மிஞ்சவைக்கும் வழிகள் நம் அடுப்படியிலேயே இருக்கின்றன: பருப்பும் காயும் சரிபாதியாகக் கூட்டு, தேங்காய் போட்டுக் கீரை கடைசல், மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி. சாம்பாருக்குப் போடும் காயை இரண்டு மடங்காக்கினால் சாம்பார் கெட்டுப்போகாது, குழைய வேகவிடாமல் இருந்தால் போதும்.

உண்மையில் சிக்கல் மதியத்தில் இல்லை. காலையிலும் இரவிலும் இருக்கிறது. டிபனில் காய்க்கு இடமே இல்லை. அங்கேதான் கைவைக்க வேண்டும். அடைமாவில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஊத்தப்பத்தின் மேல் வெங்காயத்தோடு துருவிய கேரட், ரவையளவுக்குக் காய் போட்ட உப்புமா, தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளியோ புதினாவோ. காலை உணவுத் திட்டத்தில் சுமார் 20 லட்சம் பிள்ளைகளுக்குப் பொங்கலும் உப்புமாவும் கிச்சடியும் காய்கறி சாம்பாரோடு போகின்றன. அந்தச் சாம்பார் தண்ணீராக இல்லாமல் காயாக இருக்கிறதா என்று பார்ப்பதே பெரிய காரியம்.

குடிப்பதிலும் இதே கதை. ஜூஸ் கடையில் மூன்று சாத்துக்குடியைப் பிழிந்து, நாரை வடிகட்டிக் குப்பையில் போட்டு, இரண்டு கரண்டி சீனியும் ஐஸும் சேர்த்துத் தருகிறார்கள். பழத்தில் எது நல்லதோ அது குப்பைக்குப் போகிறது. சாறாகப் பிழிந்ததும் அதிலுள்ள இனிப்பை, குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது உலக சுகாதார நிறுவனம். பெட்டியில் வரும் மாம்பழ பானமோ, விதிப்படி 10 சதவீதம் பழச்சாறு இருந்தாலே ‘பழ பானம்’ ஆகிவிடும். மிச்சம் தண்ணீரும் சர்க்கரையும். அடர்சாற்றில் தண்ணீர் கலந்து தயாரிப்பவற்றின் மேல் ‘100 சதவீதப் பழச்சாறு’ என்று அச்சிடக் கூடாது என 2024 ஜூனில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்தது. இவற்றுக்கு எதிரே நம்மிடம் இருப்பது என்ன? வெள்ளரியும் மாங்காயும் துருவிப்போட்ட நீர்மோர், வாழைத்தண்டு மோர், பதநீரில் போட்ட நுங்கு, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு, குடிக்கத் தோதான தக்காளி ரசம், காலை நடையாளர்களுக்காகப் பூங்கா வாசலில் விற்கும் முருங்கைக்கீரை சூப். கல்யாணப் பந்தியில் வரவேற்பு பானமாக நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீரை ஏன் கொடுக்கிறோம் என்பது எனக்கு விளங்காத ஒன்று.

பழத்தில் நம் கௌரவம் குறுக்கே நிற்கிறது. நோயாளியைப் பார்க்கப் போனால் ஆப்பிள்; கொய்யா கொண்டுபோனால் கஞ்சத்தனம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு; ஆப்பிளில் அது ஐந்தைத் தொட்டால் அதிகம். பழனிப் பக்கத்து ஆயக்குடிக் கொய்யாவும், விருப்பாச்சி மலைவாழையும், கன்னியாகுமரி மட்டியும், பண்ருட்டிப் பலாவும் விளையும் மாநிலத்துக்கு இந்த மோகம் தேவையே இல்லை.

அரசு தொடங்குவதற்கு எளிய இடம் பள்ளிக்கூடம். சத்துணவில் வாரம் ஐந்து முட்டை தருகிறோம். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். அதாவது, இன்றைக்குச் சத்துணவில் பழம் வேண்டுமென்றால் முட்டையை மறுக்க வேண்டும். இரண்டும் கிடைத்தால் என்ன? ‘அழுகும் பொருளை அரசு கையாள முடியாது’ என்பார்கள். உடையும் முட்டையையே இத்தனை ஆண்டுகளாகக் கையாண்டிருக்கிறோம். 1999-ல் தொடங்கிய உழவர் சந்தைகளும் கூட்டுறவுப் பண்ணைப் பசுமைக் கடைகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் கர்ப்பிணிகள், குழந்தைகளுக்கான உணவுத் திட்டத்தில் காய், பழம் மட்டுமே வாங்கக்கூடிய தனித்தொகையை 2009 முதல் தருகிறார்கள். இங்கே அதுபோன்ற ஒரு தொகையை உழவர் சந்தையில் மட்டும் செல்லும் சீட்டாக ரேஷன் அட்டைக்குத் தரலாம்; விலை விழும் பருவத்தில் விவசாயிக்கும் அது கைகொடுக்கும். அதற்கு நாளாகும் என்றால், முதல் படியாக அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒரே ஒரு அறிவிப்பு வரட்டும்: சத்துணவு சாப்பிடும் எல்லாப் பிள்ளைகளுக்கும், முட்டையோடு சேர்த்து, வாரம் இரண்டு நாள் உள்ளூர்ப் பழம்.