தூண்டில்காரன் காசு கடலுக்கே!

பொழுதுபோக்குக்காக மீன் பிடிக்கிறவனிடம் கட்டணம் வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால், "என் காசு எங்கே போச்சு?" என்று அவன் கேட்டால் பதில் சொல்ல வேண்டும்!

அமெரிக்காவில் உள்ள புளோரிடா மாநிலம் இந்தக் கேள்விக்குச் சொல்லும் பதில் கவனிக்கத் தக்கது.

கிழக்கே அட்லாண்டிக் கடல். மேற்கே மெக்சிகோ வளைகுடா. கடற்கரை நீளம் சுமார் 1,350 மைல். தூண்டில் போடுவதற்கென்றே வெளிமாநிலத்தில் இருந்தும் வெளிநாட்டில் இருந்தும் ஆட்கள் வந்து குவிகிறார்கள். "உலகத்தின் மீன்பிடித் தலைநகரம்" என்று அந்த மாநிலம் தன்னைத் தானே அழைத்துக் கொள்கிறது.

விளம்பரம் சரி. அதைப் பார்த்து வருகிறவனுக்குக் கடலில் மீன் இருக்க வேண்டாமா?

அதற்குத்தான் லைசென்சு!

யாருக்கு எவ்வளவு?

கடலில் தூண்டில் போட 1990 ஜனவரி 1 முதல் அங்கே லைசென்சு வேண்டும். உள்ளூர்க்காரருக்கு ஆண்டுக்கு 17 டாலர். வெளியூர்க்காரருக்கு 47 டாலர். பார்க்கக் கொடுவா மாதிரி இருக்கும் 'ஸ்னூக்' மீனைப் பிடிக்க, தனியாக 10 டாலர். சிங்கி இறாலுக்கு 5 டாலர்.

16 வயது ஆகாத பிள்ளைகளுக்கு லைசென்சு வேண்டாம். 65 வயதைத் தொட்ட உள்ளூர்ப் பெரியவர்களுக்கும் வேண்டாம். கரையில் நின்று தூண்டில் போடும் உள்ளூர்க்காரர் சீட்டு வாங்க வேண்டும்; ஆனால் அதற்குக் காசு இல்லை. ஆண்டில் 4 நாட்கள் கடலில் எல்லோருமே இலவசமாகப் பிடிக்கலாம்.

படகு வைத்திருக்கிறவன் கட்டட்டும். ராத்திரிக் குழம்புக்காகக் கரையில் நிற்கிறவன் வயிற்றில் அடிக்காதே! இந்த ஏற்பாட்டில் உள்ள நியாயம் இதுதான்.

பெட்டிக்குப் பூட்டு

லைசென்சுக் காசு மட்டும் அல்ல. 1950-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. டிங்கெல், ஜான்சன் என்ற இருவர் பெயரால் அழைக்கப்படும் சட்டம் அது. தூண்டில் கழி, ரீல் போன்ற சாமான்கள் மீது 100-க்கு 10 வீதம் வரி. 1984-ல் மோட்டார் படகுக்குப் போடும் பெட்ரோல் மீதான வரியும் இந்த நிதியில் வந்து சேர்ந்தது.

இதை மத்திய சர்க்கார் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. 100-க்கு 60 பங்கு, லைசென்சு வாங்கியவர்களின் தலைக்கணக்குப்படி. 40 பங்கு, நிலம் நீர்ப் பரப்புப்படி. திட்டச் செலவில் 100-க்கு 75 வரை மத்திய நிதியில் இருந்து கிடைக்கும். மிச்சத்தை மாநிலம் போட வேண்டும். கடலோர மாநிலமாக இருந்தால், ஏரி குளத்துக்கும் கடலுக்கும் நியாயமாகப் பங்கு வைக்க வேண்டும்.

ஆக, லைசென்சு வாங்குவோர் கூடினால் மத்திய நிதியிலும் பங்கு கூட வழி உண்டு. மாநிலம் தூண்டிலுக்கு இவ்வளவு விளம்பரம் செய்வதில் இந்தக் கணக்கும் இருக்கிறது.

இதில் முக்கியமானது பூட்டு! மீன், வனவிலங்கு இலாகாவின் வேலையைத் தவிர வேறு எதற்கும் லைசென்சுக் காசைத் திருப்பி விடக் கூடாது. திருப்பினால் மத்திய நிதிக்குத் தகுதி போய்விடும். "ரோடு போட்டோம், கட்டடம் கட்டினோம்" என்று சாக்குச் சொல்ல முடியாது.

கடைத்தெருவில் விளக்குப் போட வசூல் செய்துவிட்டு, அந்தப் பணத்தில் ஆண்டு விழாப் பந்தல் போட்டால் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே நியாயம்தான்.

படகு இறக்கும் துறை, மீன் கணக்கெடுப்பு, மீன் அண்டுவதற்குக் கடலடியில் செயற்கை உறைவிடம் என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளுக்கு இப்படிப்பட்ட நிதி உதவுகிறது. செயற்கை உறைவிடத்துக்குக் கடற்படையும் கை கொடுத்தது. கொரியா, வியட்நாம் போர்களில் பங்கெடுத்த 'ஒரிஸ்கனி' என்ற விமானம் தாங்கிக் கப்பல், 2006 மே 17-ந் தேதி பென்சகோலா அருகே கடலில் மூழ்கடிக்கப்பட்டது. போர்க் கப்பல் மீனுக்கு வீடாச்சு!

வலைக்காரன் கதி?

இதுவரை சரி. இனிமேல்தான் வில்லங்கம்.

தூண்டில்காரர்கள் தொகை பெருகியது, குரலும் பெருகியது. "வலை போட்டு மீனை அள்ளிவிடுகிறார்கள்" என்று பிரசாரம் நடந்தது. 1994 நவம்பரில் மக்களிடம் ஓட்டு எடுத்தார்கள். 100-க்கு சுமார் 72 பேர் வலைக்குத் தடை கேட்டார்கள். 1995 ஜூலை 1 முதல், மாநிலக் கடல் எல்லைக்குள் செவுள் மாட்டும் வலைகளுக்குத் தடை. கரையை ஒட்டிய கடலில் பெரிய வலைகளுக்கும் தடை.

மீனுக்கு நல்லதுதான். தலைமுறை தலைமுறையாக வலையை நம்பிப் பிழைத்த குடும்பம் என்ன செய்யும்?

சர்க்கார் வலைகளை விலைக்கு வாங்கிக் கொண்டது. மாற்றுத் தொழிலுக்குப் பயிற்சியும் நடந்தது. சீடர் கீ என்ற ஊரில் வலைக்காரர்கள் மட்டி வளர்க்கப் பழகினார்கள். இன்று அந்த ஊர் மட்டிக்குப் பேர் போன ஊர். ஆனால் எல்லா வலைக்காரருக்கும் இந்த வாய்ப்பு அமையவில்லை. அதோடு, நிவாரணத் திட்டம் வந்ததே ஓட்டு முடிந்த பிறகுதான்!

இது முறை அல்ல. முதலில் சோறு, அப்புறம் தடை என்று இருந்திருக்க வேண்டும்.

விளையாட்டுக்கு மீன் பிடிப்பது தப்பு அல்ல. படகுக்காரருக்கும், தூண்டில் கடைக்கும், ஓட்டலுக்கும் அதனால் பிழைப்பு உண்டு. அதை எந்தக் கடலோர மாநிலம் வளர்த்தாலும் சரி, மூன்று காரியம் செய்ய வேண்டும். தூண்டில்காரன் கட்டிய காசைக் கடலுக்கே செலவிட வேண்டும். கரையில் நிற்கும் ஏழையிடம் காசு கேட்கக் கூடாது. வலைக்காரனுக்கு வழி செய்துவிட்டுத்தான் வலையில் கை வைக்க வேண்டும்.

ஒருவருக்கு மீன் பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை சந்தோஷம். இன்னொருவருக்கு அது தினசரி அடுப்பு. சட்டம் போடுகிறவர்கள் முதலில் அடுப்பைப் பார்க்கட்டும்!